நாகமலை அடிவாரத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அழகர்கோயில் சாலையில் போய் நின்றவன் நான். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து மாட்டுத்தாவணியில் இறங்கி, "காமராசர் காலேஜுக்குப் போகணும்ணே" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் அவர் வேறு எங்கே கொண்டுபோய் விடுவார்? பல்கலைக்கழகக் கல்லூரி அந்தச் சாலையில்தான் இருக்கிறது. வாசலில் இருந்த பெரியவர் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க போக வேண்டியது யூனிவர்சிட்டி. அது தேனி ரோட்டுல, நாகமலைக்கு அங்கிட்டு" என்றார். அங்கிருந்து பெரியார் நிலையம், பெரியாரிலிருந்து இன்னொரு பஸ். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை, பெட்டியைத் தூக்கிய தோள் மரத்துப்போயிருந்தது.

அதே தோளோடு அந்த வளாகத்தில் பிறகு ஏழு வருஷம் இருந்தேன். வரலாற்றில் எம்.ஏ., அதற்கப்புறம் ஆய்வு. ஃபீஸ் எங்கே கட்டுவது, ஹாஸ்டல் ஃபாரம் எங்கே வாங்குவது என்பதையெல்லாம் உங்கள் சீனியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் சொல்ல வருவது நீங்கள் வந்து சேர்ந்திருக்கிற இடம் எது என்பதை. அதைத் தெரிந்துகொள்ள ஒரு வரிசை இருக்கிறது. நான் அந்த வரிசையைத் தலைகீழாகக் கற்றுக்கொண்டேன். நீங்கள் நேராகவே கற்றுக்கொள்ளலாம்.

1. சரியான பஸ்

சென்னை, திருச்சி, நெல்லை, தூத்துக்குடிப் பக்கமிருந்து வருகிறவர்கள் மாட்டுத்தாவணியில் இறங்குவீர்கள். அங்கிருந்து பெரியார் நிலையம் போய், செக்கானூரணிப் பக்கமோ பல்கலைக்கழகத்துக்கோ போகும் டவுன் பஸ்ஸைப் பிடியுங்கள். காளவாசல், அச்சம்பத்து, நாகமலை புதுக்கோட்டை, அதைத் தாண்டினால் வளாகம். நகரத்திலிருந்து சுமார் 13 கிலோமீட்டர். தேனி, கம்பம், போடிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். வரும் வழியிலேயே வளாகம், ஆரப்பாளையம் வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் எல்லா வெளியூர் வண்டியும் நிற்காது. ஏறும்போதே கேட்டுவிடுங்கள்.

கண்டக்டரிடம் "பல்கலை நகர்" என்று சொன்னால் ஒரு நொடி யோசிப்பார். "யூனிவர்சிட்டி" என்றால் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார். பல்கலை நகர், மதுரை 625021 என்பது கடிதத்துக்கு. வெறுமனே "புதுக்கோட்டை" என்று மட்டும் வெளியூர்ச் சொந்தக்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள். என் மாமா ஒருவர் நான் தொண்டைமான் சீமையில் படிப்பதாகவே கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார்.

2. மலையை ஒருமுறை நின்று பாருங்கள்

பெட்டியை வைத்துவிட்டுச் சாயங்காலம் வெளியே வாருங்கள். சாலைக்கு வடக்கே நீளமாக, தலையும் வாலும் தெரியாமல் கிடக்கிறதே, அதுதான் நாகமலை. மதுரைக்காரர்கள் எல்லோருக்கும் இந்த மலையின் கதை தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பாண்டியனை அழிக்கச் சமணர்கள் வேள்வி செய்து ஒரு யானையை அனுப்பினார்களாம், அது ஆனைமலையாகக் கிடக்கிறது. பாம்பை அனுப்பினார்கள், அது நாகமலை. மாயப் பசுவை அனுப்பினார்கள், அது பசுமலை. திருவிளையாடல் புராணத்தில் இந்த மூன்றுக்கும் மூன்று படலங்கள் உண்டு.

இதில் நான் கவனித்த ஒரு விஷயம் இருக்கிறது. ஆனைமலை அடிவாரத்தில் 1965இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி. பசுமலையில் 1881இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய கல்லூரி, பிற்பாடு நகரத்துக்குள் வந்து அமெரிக்கன் கல்லூரியாக நிற்பது. நாகமலை அடிவாரத்தில் நம்முடையது. ஊரை அழிக்க வந்ததாகச் சொல்லப்பட்ட மூன்று மிருகங்களின் காலடியிலும் மதுரை ஆளுக்கொரு கல்விக்கூடத்தைக் கட்டிவைத்திருக்கிறது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. மலையடியில் புறம்போக்கும் மானாவாரியும் மலிவாகக் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். இருந்தாலும் ஹாஸ்டல் மொட்டைமாடியில் உட்கார்ந்து பேச நல்ல சங்கதி.

சமணர்களைப் பற்றி அந்தக் கதை சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கல் வேறு கதை சொல்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

3. வீட்டுப் பீரோவைத் திறங்கள்

பல்கலைக்கழகத்தின் வரலாற்றை ஆண்டுவாரியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். முதல் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வீட்டில், சித்தப்பா வீட்டில், அத்தை வீட்டில் இருக்கும் பட்டச் சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள். வரலாறு அதிலேயே இருக்கிறது.

எங்கள் வீட்டுக் கணக்கு இது. பெரிய தாத்தா மதுரையில்தான் பி.ஏ. படித்தார், ஆனால் சான்றிதழில் சென்னைப் பல்கலைக்கழகம் என்றிருக்கும். தெற்கே அப்போது தனிப் பல்கலைக்கழகம் கிடையாது. திருநெல்வேலியில் படித்தாலும் பட்டம் சென்னையினுடையதுதான். 1965இல் சட்டம் இயற்றி, 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1857இன் சென்னை, 1929இன் அண்ணாமலை இரண்டுக்கும் அடுத்து இந்த மாநிலத்துக்கு மூன்றாவது. எழுபதுகளின் நடுவில் படித்த என் அப்பாவின் சான்றிதழில் "மதுரைப் பல்கலைக்கழகம்" என்று மட்டும் இருக்கும். 1978இல் காமராசர் பெயர் சேர்ந்தது. அத்தையின் பட்டத்தில் அது இருக்கிறது. நெல்லையில் 1995இல் முடித்த அத்தான் பட்டத்தில் மறுபடியும் வேறு பெயர்: மனோன்மணியம் சுந்தரனார்.

அது பாகப்பிரிவினைக் கதை. ஆரம்பத்தில் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி என்று தென்கோடி முழுக்க இந்தப் பல்கலைக்கழகத்தின் கையில் இருந்தது. 1984இல் கொடைக்கானலில் மகளிருக்கென்று அன்னை தெரசா, 1985இல் காரைக்குடியில் அழகப்பா, 1990இல் நெல்லையில் மனோன்மணியம் என்று பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர்க் கல்லூரிகள் இங்கே நின்றன. இப்போதும் குமரி மாவட்டத்துப் பெரியவர்கள் "நாங்கள்லாம் மதுரை யூனிவர்சிட்டி" என்று சொல்லிக்கொள்வதைக் கேட்கலாம். மாவட்ட எல்லையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அவர்கள் சொல்வது சரி.

இதோடு "கரஸ்" என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அஞ்சல்வழிக் கல்வியைத்தான் அப்படிச் சொல்வார்கள். மில்லில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே, கடையில் கணக்கு எழுதிக்கொண்டே, கல்யாணம் ஆகிக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே பட்டம் வாங்கிய ஒரு தலைமுறை இருக்கிறது. அவர்களில் பலர் இந்த வளாகத்தைக் கண்ணாலேயே பார்த்ததில்லை. பாடம் தபாலில் வந்தது, பரீட்சை பக்கத்து டவுனில் நடந்தது. "ரெகுலரா, கரஸ்ஸா?" என்று கேட்டு உதட்டைச் சுழிப்பவர்கள் வளாகத்துக்குள்ளேயே உண்டு. நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்காதவராக இருங்கள்.

4. பெயர்களைப் படியுங்கள்

வளாகத்தில் யாரும் முழுப்பெயர் சொல்ல மாட்டார்கள். "டி.பி.எம். லைப்ரரிக்குப் போ", "மு.வ. ஹால்ல ஃபங்ஷன்" என்பார்கள். முதல் மாதம் நான் இதையெல்லாம் வெறும் எழுத்துகளாகத்தான் கேட்டேன். ஆள்கள் என்று புரியக் கொஞ்ச நாள் ஆனது.

டி.பி.எம். என்பது தெ. பொ. மீனாட்சிசுந்தரனார். பன்மொழிப் புலவர் என்று பெயர் வாங்கியவர். வழக்கறிஞருக்குப் படித்துவிட்டுத் தமிழுக்கும் மொழியியலுக்கும் வந்தவர். 1966இல் இந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். அவருக்குப் பிறகு 1971இல் வந்தவர் மு. வரதராசனார். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக வாழ்க்கையைத் தொடங்கி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் முதல் முனைவர் பட்டம் பெற்றவர். பதவியில் இருக்கும்போதே 1974 அக்டோபரில் காலமானார். 1979இலிருந்து 1982 வரை வ. சுப. மாணிக்கனார்.

கடைசிப் பெயருக்கு ஒரு கதை உண்டு, தமிழ்த்துறைப் பக்கம் போனால் யாராவது ஒருவர் சொல்லாமல் விடமாட்டார். சிறுவயதில் பர்மாவுக்குப் போய் ஒரு செட்டியார் கடையில் வேலை பார்த்தாராம். வருமானவரி அதிகாரி வந்தால் "முதலாளி இல்லை" என்று சொல்லச் சொன்னார் முதலாளி. உள்ளே இருக்கும் ஆளை இல்லை என்று எப்படிச் சொல்வது என்று மறுத்துவிட்டார், வேலை போயிற்று. "பொய் சொல்லா மாணிக்கம்" என்ற பெயர் நின்றது. பிற்காலத்தில் தமிழ்வழிக் கல்விக்காக ஊர் ஊராகப் போய் இயக்கம் நடத்தினார். இவர் துணைவேந்தராக இருந்த காலத்தில்தான் 1981 ஜனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நடந்தது.

ஒரு பல்கலைக்கழகத்தின் முதல் பதினாறு ஆண்டுகளுக்குள் மூன்று தமிழறிஞர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதன் கனம் புரிய வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கும் விளாச்சேரிக்குப் போய்வாருங்கள். கொலு பொம்மை செய்யும் ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். பரிதிமாற் கலைஞர் 1870இல் பிறந்ததும் அங்கேதான், நினைவு இல்லம் இருக்கிறது. 1902இல் சென்னைப் பல்கலைக்கழகம் தமிழைப் பாடத்திட்டத்திலிருந்து எடுக்கப் பார்த்தபோது எதிர்த்து நின்றவர்களில் அவர் முக்கியமானவர். மறுவருஷமே, முப்பத்துமூன்று வயதில் போய்விட்டார். அவர் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பல்கலைக்கழகம் வந்து, அதன் முதல் துணைவேந்தர் ஒரு தமிழாசிரியராக இருக்க அறுபத்துநாலு வருஷம் ஆகியிருக்கிறது.

காமராசரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விருதுநகர் வளாகத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம்தான், அவர் வீட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். நம் சான்றிதழ் எல்லாவற்றிலும் அவர் பெயர் இருக்கிறது.

5. உயிரியல் பக்கம் ஒரு மாலை

நான் வரலாற்றுக்காரன். உயிரியல் புலத்துக்குள் கால் வைத்ததே மூன்றாவது வருஷத்தில்தான், அதுவும் ரூம்மேட் ஒருவன் இழுத்துக்கொண்டு போனதால். அந்தத் தாமதத்துக்கு இன்னும் வருத்தப்படுகிறேன்.

இங்கே எம். கே. சந்திரசேகரன் என்ற பேராசிரியர் இருந்தார். உயிர்களின் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தை ஆராய்ந்தவர். சோதனைக்கூடத்துக்காக அவர் தூரத்துக்குப் போகவில்லை, சமணர்மலைக் குகைக்குப் போனார். அங்கே தொங்கும் வௌவால்களில் ஒன்றைப் பிடித்துக் குகைக்குள்ளேயே கூண்டில் வைத்தார்கள். இருட்டு. வெளிச்சம் ஒரு துளி இல்லை. ஆனாலும் அது மாலையில் சரியான நேரத்துக்குச் சிறகடிக்கத் தொடங்கியது. மற்ற வௌவால்கள் வெளியே கிளம்புவதும் திரும்புவதுமான அரவத்தை வைத்தே அது தன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டது என்று அவரும் மாணவர்களும் கண்டார்கள். ஹாஸ்டலில் லீவு நாளன்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவன், வராண்டாவில் தட்டுச் சத்தம் கேட்டதும் எழுந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அதேதான்.

அடுத்து மனிதர்கள். வெளிச்சமோ சத்தமோ புகாத ஓர் அறையை வளாகத்தில் கட்டினார்கள். கடிகாரம் கிடையாது, வானொலி கிடையாது, செய்தித்தாள் கிடையாது. விருப்பப்பட்டு வந்தவர்கள் நாள்கணக்கில் உள்ளே இருந்தார்கள். எப்போது தூக்கம் வருகிறதோ அப்போது தூங்கி, எப்போது பசிக்கிறதோ அப்போது சாப்பிட்டு, தன் உடம்பின் நேரம் என்ன என்பதை அறிவியலுக்குச் சொன்னார்கள். "பங்கர்" என்று கேட்டால் பழைய ஆள்களுக்குத் தெரியும்.

இன்னொன்று ஆர். எம். பிச்சப்பன் கதை. தென் மாவட்டத்து மக்களின் ரத்த மாதிரிகளைச் சேர்த்து மரபணுக்களைப் படித்த பேராசிரியர். ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிக் கடலோரமாகவே நடந்து ஆஸ்திரேலியா வரை போன பழங்கூட்டத்தின் அடையாளமாகக் கருதப்படும் எம்130 என்ற மரபணுக் குறி, நம் தேனி சாலையிலேயே மேற்கே போனால் வரும் உசிலம்பட்டிக்குப் பக்கத்து ஜோதிமாணிக்கம் கிராமத்தில் கிடைத்தது. ஸ்பென்சர் வெல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்தக் கிராமத்துக்கே வந்துபோனார். நாம் தினம் பார்க்கும் உசிலம்பட்டி பஸ்ஸில் பல்லாயிரம் வருஷத்துச் சரித்திரம் ஃபுட்போர்டில் நின்றுகொண்டு போகிறது என்று என் ரூம்மேட் சொல்வான்.

கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் தாழிகளில் புதைத்தவர்களின் எலும்புகள் கிடைத்தனவே, அவற்றின் மரபணு ஆய்வும் இந்த வளாகத்தில்தான் நடக்கிறது. உங்கள் பாடம் எதுவாக இருந்தாலும் இந்தப் பக்கம் ஒரு மாலை நடந்துவாருங்கள். யாராவது ஒரு ஸ்காலர் டீக்கு வெளியே வந்திருப்பார். பேச்சுக் கொடுங்கள், அவர்களுக்கும் கேட்க ஆள் கிடைத்தால் சந்தோஷம்தான்.

6. பேச்சு வழக்கு

இங்கே "டிபார்ட்மென்ட்" உண்டு, அதற்கு மேலே "ஸ்கூல்" உண்டு. தமிழில் துறை, புலம். ஸ்கூல் என்றதும் பள்ளிக்கூடம் என்று நினைத்துச் சிரிக்காதீர்கள், நான் சிரித்தேன். ஆய்வு நெறியாளரை யாரும் நெறியாளர் என்று பேச்சில் சொல்வதில்லை, "கைடு" என்பார்கள். "யாருட்ட பண்றீங்க?" என்று ஒருவர் கேட்டால் உங்கள் கைடு யார் என்று அர்த்தம். தமிழ்த்துறைப் பக்கம் பேராசிரியர்களை "ஐயா", "அம்மா" என்று அழைப்பது வழக்கம். மற்ற இடங்களில் "சார்", "மேடம்". மாற்றிச் சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள், புது ஆள் என்று தெரிந்துவிடும், அவ்வளவே. சீனியர் ஆண் என்றால் "அண்ணே", பெண் என்றால் "அக்கா". ஒரே வயதுக்காரன் மூன்றாம் நாளே "மாப்ள" ஆகிவிடுவான்.

7. எழுதாத வழக்கங்கள்

நோட்டீஸ் போர்டில் "பொது வாய்மொழித் தேர்வு" என்று ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். முனைவர் பட்டத்துக்கான வைவா. பெயரிலேயே பொது என்று இருக்கிறது, யாரும் போய் உட்காரலாம், முதல் வருஷ மாணவரும் போகலாம். என் கருத்தில் இந்த வளாகத்தின் சரியான திருவிழா இதுதான்.

ஐந்தாறு வருஷம் காய்ந்துபோன ஒரு ஆய்வாளர் அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையில், இல்லையென்றால் பட்டுச் சேலையில் வந்து நிற்பார். பின் வரிசையில் கிராமத்திலிருந்து வந்த அம்மா அப்பா, மாமனார், ஒரு கைக்குழந்தை. ஆங்கிலத்தில் கேள்வி கேட்கப்படும்போது அந்த அம்மாவின் முகத்தைப் பாருங்கள். கேள்வி புரியாது, ஆனால் மகள் திணறுகிறாளா இல்லையா என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். "பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன்" என்று தேர்வாளர் சொன்னதும் கைதட்டல், சால்வை, போட்டோ. பிறகு டீ, ஒரு இனிப்பு, மிக்சரோ வடையோ. சாயங்காலம் நண்பர்களுக்கு ட்ரீட்.

முதல் வைவாவுக்குப் போகும்போது இரண்டு விஷயம் நினைவில் வையுங்கள். தொடங்குவதற்கு முன்னால் போய் உட்காருங்கள், நடுவில் எழுந்து போகாதீர்கள். வந்தவர்கள் கையெழுத்துப் போட ஒரு தாள் சுற்றும், அதில் பெயர் எழுதுங்கள். வெறும் டீக்காக வருகிற ஒரு கோஷ்டி எப்போதும் உண்டு. அவர்களையும் யாரும் விரட்டுவதில்லை. நானும் அந்தக் கோஷ்டியில் இருந்தவன்தான். நாலு வைவாவுக்கு வடைக்காகப் போய், ஐந்தாவதில் ஒரு கேள்வி மண்டையில் ஏறி, அதுவே என் ஆய்வுக்குத் தலைப்பைக் கொடுத்தது.

பொங்கலுக்கு முந்தின வாரம் துறைகளுக்கு முன்னால் அடுப்பு மூட்டுவார்கள். வேட்டி, சேலை, கரும்பு, கோலப் போட்டி. எந்த வகுப்பு பானை முதலில் பொங்குகிறது என்பதில் அடிதடி வரும். வேட்டி கட்டத் தெரியாதவர்கள் முந்தின நாளே ஒரு அண்ணனிடம் கற்றுக்கொள்ளுங்கள், பெல்ட் போட்டுச் சமாளித்தவர்களை இன்னும் பெயர் வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள்.

சித்திரையில் இருக்கிறது உண்மையான சோதனை. மீனாட்சி கல்யாணமும் அழகர் ஆற்றில் இறங்குவதும் பெரும்பாலும் செமஸ்டர்ப் பரீட்சைக் காலத்தை ஒட்டியே வரும். அழகர் இறங்கும் நாள் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை, அடுத்த நாள் ஹால் டிக்கெட்டோடு நிற்க வேண்டியிருக்கலாம். வெளியூர்க்காரர்கள் ஒரு வருஷமாவது போய்விடுங்கள். முந்தின நாள் தல்லாகுளம் பக்கம் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை, விடிகாலையில் ஆற்றில் இறங்குவது. பஸ்கள் வழி மாறும், பாதி தூரம் நடைதான். போனை உள் பாக்கெட்டில் வையுங்கள். தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் எக்ஸாம் நோட்ஸ் என்று பார்க்க மாட்டார்கள்.

பட்டமளிப்பு விழாவுக்கு ஆளுநர் வருவார், அவர்தான் வேந்தர். கறுப்பு அங்கி, ஒத்திகை, நீண்ட காத்திருப்பு. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, உங்கள் முறை வரும்போது அம்மாவை அழைத்துவாருங்கள்.

8. ஒரு ஞாயிற்றுக்கிழமை நகரத்துக்கு

இது ஒரு விநோதமான குடும்பம், தாயைவிட மகள்கள் மூத்தவர்கள். பல்கலைக்கழகம் 1966, அதனோடு இணைந்த கல்லூரிகள் பலவும் அதற்கு முன்னாலேயே ஊரில் இருந்தவை. இதைக் கண்ணால் பார்க்க ஒரு காலை போதும்.

கோரிப்பாளையத்தில் அமெரிக்கன் கல்லூரியிலிருந்து தொடங்குங்கள். செங்கல் நிறத்தில் நிற்கும் மெயின் ஹால் ஹென்றி இர்வின் வடிவமைத்தது, மைசூர் அரண்மனையை வடிவமைத்த அதே ஆள். 1978இல், நாட்டிலேயே முதன்முதலாகத் தன்னாட்சி பெற்ற கல்லூரிகளில் இதுவும் ஒன்று. கிட்டத்திலேயே லேடி டோக், 1948இல் கேட்டி வில்காக்ஸ் தொடங்கியது, மதுரைப் பெண்களுக்கு முதல் கல்லூரி. அங்கிருந்து ஆற்றைத் தாண்டி வந்து தமிழ்ச்சங்கம் சாலை. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச்சங்கமும் செந்தமிழ்க் கல்லூரியும் அங்கே. பிறகு தெப்பக்குளம், பக்கத்தில் கருமுத்து தியாகராசர் 1949இல் தொடங்கிய தியாகராசர் கல்லூரி. எல்லா இடத்திலும் வாசலில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் வெளியிலிருந்து பார்த்தாலே போதும். திரும்பும்போது விளக்குத்தூணில் ஜிகர்தண்டா. அதற்கு வழி சொல்ல நான் தேவையில்லை.

9. சமணர்மலை

இதைக் கடைசிக்கு வைத்தேன். இதை முதல் வாரமே செய்கிறவர்கள் மேலே போய்ப் போட்டோ எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். இரண்டு மாதம் வகுப்பில் உட்கார்ந்த பிறகு போங்கள்.

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து தெற்கே கீழக்குயில்குடி. காலை ஆறரைக்குள் அங்கே இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், வழுக்காத செருப்பு, மூன்று நாலு பேர் சேர்ந்து. அடிவாரத்தில் அய்யனார் கோயில், ஆலமரம், தாமரைக் குளம். மலைக்கு மேற்குப் பக்கம் செட்டிப்புடவு. குகை வாசலில் பாறையில் பெரிய தீர்த்தங்கரர் உட்கார்ந்திருக்கிறார். நீண்ட காதைப் பார்த்து ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியாராக்கிவிட்டார்கள், அதனால்தான் இந்தப் பெயர். குகைக்குள் குனிந்து போனால் சிங்கத்தின் மேல் ஏறி யானைமேல் வருபவனோடு போரிடும் ஒரு பெண் தெய்வம். வௌவால் நாற்றம் அடிக்கும். அவை நம் உயிரியல் புலத்துப் பழைய உறவுகள், டார்ச்சை மேலே அடிக்காதீர்கள்.

அடுத்து அய்யனார் கோயில் பக்கமிருந்து படியேறினால் பேச்சிப்பள்ளம். சிறு சுனை, அதற்கு மேலே பாறையில் வரிசையாக எட்டுத் திருமேனிகள். அவற்றின் கீழே வட்டெழுத்து, தமிழுக்கு இருந்த ஒரு பழைய எழுத்துமுறை. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. விரலால்கூடத் தேய்க்க வேண்டாம்.

வட்டெழுத்துப் படிக்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் அங்கே நின்றுதான் வாசித்துக் காட்டினார். குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்று ஒரு சமணப் பள்ளியின் பெயர் வருகிறது. குறண்டி இன்றைக்கு எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் சிற்றூர். அந்தப் பள்ளியைச் சேர்ந்த இன்ன ஆசிரியர், அவர் மாணாக்கர் இன்னார், அவர் மாணாக்கர் இன்னார், அவர் செய்வித்த திருமேனி இது. எல்லாமே கிட்டத்தட்ட இந்த வாய்ப்பாட்டில்தான் எழுதியிருக்கிறது. செய்தவர் தன் அப்பன் பெயரைச் சொல்லவில்லை, ஆசிரியர் பெயரைச் சொல்கிறார். அவருக்கு ஆசிரியர் யார் என்பதையும் சேர்த்து.

"இது எதுல பாத்துருக்கீங்க?" என்று பேராசிரியர் கேட்டார். யாருக்கும் பிடிபடவில்லை. "உங்க சீனியர் தீசிஸ் முதல் பக்கத்தைப் போய்ப் பாருங்கப்பா" என்றார். இறங்கி வந்து அன்றைக்கே நூலகத்தில் ஒரு பழைய ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். ஆய்வாளர் பெயர், கீழே நெறியாளர் பெயர், கீழே துறையின் பெயர். உள்ளே நன்றியுரையில் நெறியாளரின் நெறியாளருக்கும் ஒரு வணக்கம்.

பேச்சிப்பள்ளத்துக்கு மேலே இன்னும் ஏறினால் உச்சியில் ஒரு பழைய சமணக் கோயிலின் அடித்தளமும் விளக்குத்தூணும் கன்னடக் கல்வெட்டும் இருக்கின்றன. அங்கே நின்று வடக்கே பார்த்தால் நாகமலை முழுசாகத் தெரியும். மேலே நிழல் கிடையாது. ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள், பாறை சுட ஆரம்பித்துவிடும்.